விசுவாசிப்பது தகுமா? ஆல்வின் பிளான்டிங்காவின் ‘வாரண்டட் கிறிஸ்டியன் பிலீஃப்’: ஒரு மதிப்புரை

கிறிஸ்தவ விசுவாசத்தின்மேல் நவீன காலத்தில் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளைக் கூர்ந்து கவனித்தால், அவற்றுள் பல ‘கடவுள் இல்லை’ என்று நேராகச் சொல்வதில்லை என்பது புலப்படும். ‘கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, அது ஒருபுறம் இருக்கட்டும்; படித்துச் சிந்திக்கத் தெரிந்த ஒருவர் இதையெல்லாம் நம்பலாமா?’ என்பதே அவற்றின் சாரம். குற்றம் நம்பப்படும் பொருளின்மேல் இல்லாமல் நம்புகிறவரின்மேல் சுமத்தப்படுகிறது. இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஆணிவேர்வரை தோண்டிப் பார்க்கிறது அமெரிக்க மெய்யியலாளர் ஆல்வின் பிளான்டிங்கா எழுதிய ‘வாரண்டட் கிறிஸ்டியன் பிலீஃப்’ (அறிவுத்தகுதி பெற்ற கிறிஸ்தவ விசுவாசம்). ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்த நூல், 500 பக்கங்களுக்கு மேல் நீள்வது. 1993-இல் வெளிவந்த இரண்டு அறிவுக்கோட்பாட்டு நூல்களைத் தொடர்ந்து வரும் மூன்றாம் பாகம். முதல் இரண்டையும் படிக்காதவரும் இதைப் படிக்கலாம். தேவையான அளவுக்கு ஆசிரியரே முன்கதையைச் சொல்லிவிடுகிறார்.

பிளான்டிங்கா முதலில் செய்வது ஒரு பாகுபாடு. விசுவாசத்துக்கு எதிரான ஆட்சேபங்கள் இரு வகை. ஒன்று உண்மை பற்றியது: உலகில் இவ்வளவு துன்பம் இருக்கையில் எல்லாம் வல்ல நல்ல கடவுள் இருக்க முடியாது என்பதைப் போன்ற வாதங்கள் இதில் அடங்கும். மற்றது முறைமை பற்றியது: விசுவாசம் பொய் என்று காட்ட முயலாமலேயே, அது ஆதாரமற்றது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது, ஏக்கத்தின் விளைவு என்று ஏதோ ஒரு வகையில் அதைத் தகுதியற்றதாக்குவது. முறைமை பற்றிய ஆட்சேபத்தை உண்மை பற்றிய ஆட்சேபத்தின் துணையில்லாமல் தனியே நிறுத்த முடியாது என்பதுதான் நூலின் மையக் கூற்று. ‘உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது, ஆனால் நம்புவது அறிவுக்குப் பொருந்தாது’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வசதி யாருக்கும் இல்லை. அப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் விசுவாசம் பொய் என்று காட்டியாக வேண்டும். கேட்பதற்கு எளிய கூற்றாகத் தோன்றும் இதை நிலைநாட்டத்தான் அத்தனை பக்கங்களும் செலவாகின்றன. என் கணிப்பில் அந்தச் செலவு வீணாகவில்லை.

இந்த முயற்சியின் அருமையை உணர, ஆசிரியர் எந்தச் சூழலிலிருந்து எழுந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1932-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், நெதர்லாந்தின் ஃப்ரீசிய வம்சாவளியில் வந்த, சீர்திருத்தச் சபை மரபைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர் பிளான்டிங்கா. ஹார்வர்டில் உதவித்தொகையுடன் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தும், வில்லியம் ஹாரி ஜெல்லமா என்ற ஆசிரியரிடம் பயில வேண்டும் என்பதற்காகக் கால்வின் கல்லூரிக்குத் திரும்பினார். யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் முனைவர் பட்டம் பெற்றார். ‘கடவுள்’ என்ற சொல் இடம்பெறும் வாக்கியம் உண்மையும் அல்ல, பொய்யும் அல்ல, வெறும் பொருளற்ற ஒலி என்று, அனுபவத்தால் சோதித்தறிய முடியாத கூற்றுக்குப் பொருளில்லை எனக் கொண்ட தர்க்கநேர்க்காட்சிவாதிகள் சொல்லிவந்த வாதத்தின் செல்வாக்கு ஆங்கிலமொழி மெய்யியல் துறைகளில் அப்போதும் நீங்கியிருக்கவில்லை. மெய்யியல் வகுப்பறையில் தன்னை விசுவாசி என்று சொல்லிக்கொள்வதற்கே துணிவு தேவைப்பட்ட காலம் அது.

அந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் இவர். பிறருக்கும் மனம் உண்டு என்று நாம் நம்புவதற்கும் கடவுள் உண்டு என்று விசுவாசிகள் நம்புவதற்கும் அறிவின் நோக்கில் ஒரே நிலைதான் என்று 1967-இல் வாதிட்டார். தீமை இருப்பதும் எல்லாம் வல்ல நல்ல கடவுள் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் என்று மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி 1955-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு, சுதந்திரச் சித்தத்தை முன்வைத்து 1974-இல் இரண்டு நூல்களில் விடை தந்தார். தர்க்க முரண் உண்டு என்ற வடிவில் அந்த வாதத்தை முன்வைப்பவர்கள் அதன்பின் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். 1978-இல் கிறிஸ்தவ மெய்யியலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது முன்நின்றவர்களுள் இவரும் ஒருவர். 1982 முதல் 2010 வரை நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இந்தப் புரொட்டஸ்டண்டு சிந்தனையாளர் கற்பித்தார். 2017-இல் டெம்பிள்டன் விருது பெற்றார். இத்தனை பணிகளும் வந்து கூடும் இடம் என்று இந்த நூலைச் சொல்லலாம்.

நூலின் தொடக்க அதிகாரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட், இருபதாம் நூற்றாண்டு இறையியலாளர்களான கார்டன் காஃப்மன், ஜான் ஹிக் ஆகியோரைப் பற்றியவை. கடவுளைப் பற்றி நம்மால் பேசவே முடியாது என்ற வாதத்தை முதலில் தீர்த்துவிட்டுத்தான் மேலே செல்ல முடியும் என்று ஆசிரியர் கருதுவது நியாயமே. ஆனால் கான்ட்டுக்கு அவர் தரும் விளக்கம் அவசரமானது. கான்ட்டை ஆழ்ந்து கற்றவர்கள் அதை ஏற்பது கடினம். இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுவதால் வாசகருக்கு இழப்பு அதிகம் இல்லை.

அடுத்து வரும் பகுதியில் நூல் சூடுபிடிக்கிறது. போதிய ஆதாரமின்றி எதையும் நம்புவது எவருக்கும், எங்கும், எப்போதும் தவறு என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்டு 1877-இல் எழுதினார். ஆதாரம் இருந்தால் நம்பு, இல்லாவிட்டால் விடு என்பதைவிட நேர்மையான கொள்கை வேறென்ன இருக்க முடியும் என்றுதான் நம்மில் பலருக்கும் தோன்றும். பிளான்டிங்கா அதற்கு அடியில் இருப்பதைத் தேடிப் போகிறார். ஒரு நம்பிக்கைக்கு இன்னொரு நம்பிக்கை ஆதாரம், அதற்கு மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்க முடியாது. ஓரிடத்தில் ஆதாரம் கேட்கப்படாத அடிப்படை நம்பிக்கைகளில் நின்றாக வேண்டும். எவை அப்படி அடிப்படையாக நிற்கத் தகுதியுடையவை? தாமாகவே விளங்குபவை, ஐம்புலன்களுக்கு எட்டுபவை, நம் மனநிலையைப் பற்றி நாமே பிழையின்றி அறிபவை, இவ்வளவுதான் என்று மரபான அடித்தளவாதம் சொன்னது. ஆனால் ‘இவை மட்டுமே அடிப்படை நம்பிக்கைகளாகலாம்’ என்ற கொள்கை இருக்கிறதே, அது தானாக விளங்குவதில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை, நம் மனநிலை பற்றியதும் இல்லை. வேறு அடிப்படைகளிலிருந்து அதைத் தருவித்துக் காட்டியவரும் இல்லை. தான் வகுத்த சட்டத்தில் தானே தோற்றுப்போகிறது அந்தக் கொள்கை. மேலும், நேற்று என்ன நடந்தது என்ற நினைவோ எதிரில் இருப்பவருக்கு வலிக்கிறது என்ற உணர்வோ அந்தச் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. அவற்றை நம்புகிறவரை யாரும் மூடர் என்று அழைப்பதில்லை.

இதுவரை உள்ளது இடிக்கும் வேலை. கட்டும் வேலை, அறிவு என்றால் என்ன என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. நின்றுபோன கடிகாரத்தை ஒருவர் பார்க்கிறார். அது மூன்று மணி காட்டுகிறது. தற்செயலாக அப்போது மணி மூன்றே. அவர் நம்புவது உண்மை, ஆனாலும் அதை அறிவு என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை. உண்மையான நம்பிக்கையை அறிவாக உயர்த்தும் அந்தக் கூடுதல் தகுதி எது என்பது 1963-இல் எட்மண்ட் கெட்டியர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரைக்குப் பின் பெரும் விவாதமாயிற்று. அறிவுத்தகுதி (ஆங்கிலத்தில் ‘வாரண்ட்’) என்று நான் இங்கே குறிப்பிடும் அந்தப் பண்புக்குப் பிளான்டிங்கா நான்கு நிபந்தனைகள் வைக்கிறார். நம்பிக்கையை உண்டாக்கும் மனத்திறன் பழுதின்றி இயங்க வேண்டும். அத்திறனுக்கு ஏற்ற சூழலில் அது இயங்க வேண்டும். உண்மையை எட்டும் நோக்கில் அமைந்த திட்டத்தின்படி இயங்க வேண்டும். அந்தத் திட்டம் பெரும்பாலும் உண்மையில் கொண்டுசேர்ப்பதாக இருக்க வேண்டும். காரணங்களை அடுக்கிக் காட்டும் ஆற்றல் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குழந்தை தன் தாயின் முகத்தை அடையாளம் காண்கிறது. எப்படி என்று அதனால் சொல்ல முடியாது. ஆயினும் அது அறிவுதான்.

இந்த இடத்தில் ஃபிராய்டும் மார்க்ஸும் வருகிறார்கள். அவர்களை நடத்தும் விதத்தில் ஆசிரியரின் நேர்மை தெரிகிறது. விசுவாசத்தைக் குறைசொன்னவர்களுள் உருப்படியான குறையைச் சொன்னவர்கள் இவர்கள்தான் என்பதை அவர் மனமார ஒப்புக்கொள்கிறார். மதம் என்பது விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் மாயை என்று 1927-இல் ஃபிராய்டு எழுதியதை, மேலே சொன்ன நிபந்தனைகளின் மொழியில் திருப்பிச் சொன்னால் எப்படி இருக்கும்? கடவுள் நம்பிக்கையை உண்டாக்கும் மனத்திறன் உண்மையை நோக்கமாகக் கொண்டதல்ல, ஆறுதலை நோக்கமாகக் கொண்டது என்றாகும். மார்க்ஸ் சொல்வது, சீர்கெட்ட சமூகம் மனத்திறனையே சீர்கெடுத்துவிடுகிறது என்றாகும். இரண்டுமே அறிவுத்தகுதியைத் தாக்கும் சரியான குறிவைப்புகள். எதிராளியின் வாதத்தை அவரே சொன்னதைவிடக் கூர்மையாக்கிக் கொடுத்துவிட்டுப் பின் அதற்குப் பதில் சொல்லும் இந்தப் பண்பை, விசுவாசத்துக்காக வாதாடுகிற நம்மில் பலரும் இவரிடமிருந்து கற்க வேண்டும்.

பதில் இப்படி அமைகிறது. மனிதரில் ஒரு தெய்வ உணர்வு இயல்பாகவே பதிக்கப்பட்டுள்ளது என்று பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் எழுதினார். கடவுளைப் பற்றிய தெளிவற்ற பொதுவான அறிவு நம்மிடம் இயற்கையாகவே இருக்கிறது என்று அவருக்கு முன்னரே இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொல்லியிருந்தார். இருவரையும் இணைத்து ஒரு மாதிரியை உருவாக்குகிறார் பிளான்டிங்கா. இரவு வானத்தின் விரிவையோ மலைத்தொடரின் மாட்சியையோ காணும்போதும், செய்த தவறு நெஞ்சை உறுத்தும்போதும், ஆபத்திலும் நன்றியிலும், கடவுளைப் பற்றிய நம்பிக்கை மனத்தில் எழுகிறது. ‘வானம் இவ்வளவு அழகாக இருக்கிறது, ஆகவே கடவுள் இருக்க வேண்டும்’ என்ற அனுமானமாக அது எழுவதில்லை. கண்ணைத் திறந்தால் மரம் தெரிவதுபோல் உடனடியாக எழுகிறது. கடவுள் நம்மைப் படைத்து, தம்மை அறிய வேண்டும் என்பதற்காகவே இத்திறனை நமக்குள் வைத்திருப்பாரானால், அது எழுப்பும் நம்பிக்கை அந்த நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றும். அப்போது அது அடிப்படை நம்பிக்கையாகவும் இருக்கும், அறிவாகவும் இருக்கும்.

இதில் உள்ள ‘வைத்திருப்பாரானால்’ என்ற நிபந்தனைதான் நூலின் உயிர். கடவுள் இருந்தால், விசுவாசம் பெரும்பாலும் அறிவுத்தகுதி உடையது. கடவுள் இல்லாவிட்டால், பெரும்பாலும் இல்லை. ஆகவே, தகுதி உண்டா என்ற கேள்வியை உண்மையா என்ற கேள்வியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஃபிராய்டின் விளக்கம் எடுபடுவதற்குக் கடவுள் இல்லை என்பதை முதலிலேயே எடுத்துக்கொண்டாக வேண்டும். அதை எடுத்துக்கொண்டபின் அந்த விளக்கத்தைக் கொண்டு விசுவாசத்தைப் பொய்யென்று காட்டுவது, முடிவை முன்னமே வைத்துக்கொண்டு வாதிடுவதாகும். நூலின் கடைசிப் பக்கத்தில், அப்படியானால் கிறிஸ்தவ விசுவாசம் உண்மைதானா என்று தாமே கேட்டுக்கொள்கிறார் பிளான்டிங்கா. தமக்கு அது உண்மையாகவே, மற்றெல்லாவற்றிலும் முக்கியமான உண்மையாகவே தோன்றுகிறது என்கிறார். அதை நிறுவிக்காட்டுவது மெய்யியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

‘இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது இதற்குத்தானா?’ என்று சிலர் ஏமாற்றம் அடைவதுண்டு. அந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அதில் எனக்கு உடன்பாடில்லை. கடவுள் உண்டென்று நிரூபிக்கிறேன் என்று தொடங்கிப் பாதி வழியில் நின்றுபோன நூல்கள் ஏராளம். இந்த நூல் தன்னால் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டுமே வாக்களிக்கிறது, வாக்களித்ததைச் செய்துமுடிக்கிறது. வாதங்களால் பயனில்லை என்று பிளான்டிங்கா கருதுவதாகச் சிலர் எழுதுவதும் தவறு. கடவுள் இருப்பதற்கு ஏறத்தாழ 2 டஜன் வாதங்கள் உண்டு என்று தனியே ஓர் உரை நிகழ்த்தியவர் அவர். விசுவாசம் தகுதி பெற அந்த வாதங்கள் கட்டாயத் தேவை அல்ல என்பது மட்டுமே அவருடைய நிலைப்பாடு. பாட்டியும் பேராசிரியரும் ஒரே கடவுளை ஒரே உறுதியுடன் அறிய முடியும் என்பது இதன் உட்பொருள். கல்வியின் அளவைக் கொண்டு விசுவாசத்தை அளப்பவர்களுக்கு இது உவப்பாக இராது.

கடவுள் நம்பிக்கையிலிருந்து முழுமையான கிறிஸ்தவ விசுவாசத்துக்கு நூல் நகரும் இடம் ஏழாம் அதிகாரம். பாவம் மனிதனின் அறிவையும் அன்பையும் ஒருசேரக் கெடுத்துவிட்டது. தெய்வ உணர்வு மங்கிப்போயிற்று. வேத வாக்கியம், பரிசுத்த ஆவியானவரின் உள்ளார்ந்த செயல், விசுவாசம் என்ற மூன்றின் வழியாகக் கடவுள் அதைச் சீராக்குகிறார் என்று மாதிரி விரிகிறது. விசுவாசம் என்பது கடவுள் நம்மேல் கொண்டுள்ள நல்லெண்ணத்தைப் பற்றிய உறுதியான அறிவு, அது நம் மனங்களுக்கு வெளிப்படுத்தப்பட்டு நம் இருதயங்களில் முத்திரையிடப்படுகிறது என்பது கால்வின் தந்த விளக்கம். அதன் இரு பாதிகளும் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களின் தலைப்புகளாக அமைந்திருக்கின்றன.

ஒன்பதாம் அதிகாரத்தை இந்நூலின் சிகரம் என்பேன். பகுப்பாய்வு மெய்யியலில் பயின்ற ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டின் அமெரிக்க இறையியலாளர் ஜோனதன் எட்வர்ட்ஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அறிவுக்கும் அன்புக்கும் உள்ள உறவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ‘பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன’ என்று யாக்கோபு எழுதுகிறார். பிசாசுக்குத் தெரியாத உபதேசம் ஒன்றும் இல்லை. அப்படியானால் பிசாசுக்கும் விசுவாசிக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு உணர்வுகளில் இருக்கிறது: விசுவாசிக்கு அந்தச் செய்தி உண்மையாக மட்டுமன்றி அழகாகவும், விரும்பத்தக்கதாகவும், தன்னை ஈர்ப்பதாகவும் தெரிகிறது. அறிவு முதலில் வந்து அன்பு பின்னே வருகிறதா, அன்பு முதலில் கண்ணைத் திறக்கிறதா என்று பிளான்டிங்கா கேட்கிறார். எட்வர்ட்ஸின் நூல்களில் இரண்டுக்கும் சான்று இருப்பதைக் காட்டி, ஒன்றுக்கு முதன்மை கொடுக்க மறுத்து, இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்வதாக முடிக்கிறார். விசுவாசத்தைச் சில கூற்றுகளுக்குத் தலையசைப்பதாக மட்டும் எண்ணி வாதாடும் இரு தரப்பினரும் இந்தப் பக்கங்களைப் படித்தால், எதைப் பற்றி வாதாடுகிறோம் என்பதாவது தெளிவாகும்.

இனி ஆட்சேபங்கள். ஒரு சித்திரத் தொடரில் வரும் சிறுவன், ஆண்டுதோறும் மாபெரும் பூசணிக்காய் ஒன்று எழுந்தருளும் என்று நம்புகிறான். கடவுள் நம்பிக்கை அடிப்படை நம்பிக்கையாகலாம் என்றால் பூசணிக்காய் நம்பிக்கையும் அப்படியே ஆகலாமே என்பது பழைய ஆட்சேபம். பிளான்டிங்காவின் முறையைப் பின்பற்றி எந்தக் கூட்டத்தாரும் தங்கள் நம்பிக்கைக்கு நியாயம் தேடிக்கொள்ளலாமே என்பது அதன் வாரிசு. தட்டையான பூமி என்பதைப் போன்ற நம்பிக்கைகளுக்கு இத்தகைய மாதிரி கைகொடுக்காது என்று விடையளிக்கும் ஆசிரியர், யூதம், இஸ்லாம், இந்து சமயத்தின் சில வடிவங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தலாம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். இந்த ஒப்புதல் நூலைப் பலவீனப்படுத்துவதாகப் பலர் எண்ணுகிறார்கள். நூலின் மையக் கூற்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் நம்பிக்கை உண்மையாயின் அது அறிவே என்று சொல்லட்டும். அதன்பின் பேச வேண்டியது எது உண்மை என்பதைப் பற்றித்தான். அங்கேதான் பேச்சு நடக்க வேண்டும் என்று பிளான்டிங்கா விரும்புகிறார்.

இந்திய அளவை மரபை, அதாவது அறிவு பெறும் வழிகளை ஆராயும் மரபை, அறிந்தவர்களுக்கு இந்த விவாதம் அந்நியமாகத் தோன்றாது. ஓர் அறிவு தோன்றும்போதே தன்னளவில் செல்லுபடியாகிறது, அதை மறுக்கும் காரணம் எதிர்ப்பட்டாலன்றி அதற்குத் தனிச் சான்று தேவையில்லை என்றனர் வேத விளக்க மரபினரான மீமாம்சகர். செல்லுபடித் தன்மை வெளியிலிருந்து உறுதிசெய்யப்பட வேண்டும் என்றனர் தர்க்க மரபினரான நையாயிகர். காட்சி, கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் வகுத்த அளவைகளுள் உரைக்கு, அதாவது நம்பத்தக்கவர் சொல்லுக்கு, தனியிடம் உண்டு. பிளான்டிங்கா இவற்றையெல்லாம் தொடவில்லை. அவர் மீமாம்சகர் பக்கம் நிற்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழில் மெய்யியல் எழுதும் ஒருவர் இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்தால் அது இரு தரப்புக்கும் பயன்தரும்.

எதிர்ச்சான்றுகள் பற்றிய இறுதிப் பகுதியில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது; நூல் முழுவதிலும் என் மனத்தில் ஆழப் பதிந்தது அதுதான். உங்கள் வீட்டு ஃப்ரீசியக் கொடியைத் திருடினேன் என்று காவல்துறை என்னைப் பிடித்துச் செல்கிறது. அந்த நேரத்தில் உங்கள் பின்வாசலருகே நான் பதுங்கி நின்றதைக் கண்டதாக நகர மேயரே சொல்கிறார். எனக்கு உங்கள்மேல் கோபம் உண்டு. முன்பும் இப்படிச் செய்திருக்கிறேன். எல்லாச் சான்றும் எனக்கு எதிராகவே இருக்கிறது. ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் நான் பேக்கர் மலைப் பக்கம் தன்னந்தனியாக நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அந்தச் சான்றுகளை வைத்து நான் குற்றவாளி என்று மற்றவர்கள் முடிவு கட்டினால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. நானும் அப்படியே நம்ப வேண்டுமா? வேண்டியதில்லை, அவர்களிடம் இல்லாத ஓர் அறிவூற்று, என் நினைவு, என்னிடம் இருக்கிறது. விசுவாசிக்கு எதிராக வரும் பொதுச் சான்றுகளும் இதே நிலையில் இருக்கலாம் என்பது வாதம்.

வேதாகம வரலாற்று ஆய்வு பற்றிய அதிகாரத்தில் இந்த வாதம் நன்றாக வேலை செய்கிறது. கடவுள் உலக நிகழ்வுகளில் தலையிடுவதில்லை என்பதை முன்னனுமானமாகக் கொண்டு நடத்தப்படும் ஆய்வு, உயிர்த்தெழுதல் நடக்கவில்லை என்ற முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. அந்த முன்னனுமானத்தை ஏற்காதவர் அந்த முடிவைக் கண்டு கலங்கத் தேவையில்லை. வரலாற்றுச் சான்றுகளை மட்டும் கொண்டு விசுவாசத்தைக் கட்டுவோரையும் ஆசிரியர் விடுவதில்லை. ஒவ்வொரு படிக்கும் 90 விழுக்காடு நிகழ்தகவு என்று தாராளமாகக் கொடுத்தாலும், ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து படிகள் ஏறியதும் மிஞ்சுவது 59 விழுக்காடுதான். நிகழ்தகவு இப்படித் தேய்ந்துகொண்டே போகும் என்பது அவர் வாதம். இதை இன்னொரு கிறிஸ்தவ மெய்யியலாளரான ரிச்சர்டு ஸ்வின்பர்ன் மறுத்தார். எல்லாச் சான்றுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கையில் படிப்படியாகத் தேய வேண்டிய அவசியம் இல்லை என்ற அந்த மறுப்பே எனக்குச் சரியெனப் படுகிறது. பன்மைச் சமயம் பற்றிய அதிகாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிறர் ஏற்காததை நம்புவது அகந்தை என்றால், அப்படிச் சொல்கிறவரும் பிறர் ஏற்காத ஒன்றைத்தான் நம்புகிறார் என்ற விடை சுருக்கமானது, போதுமானது.

தீமையும் துன்பமும் பற்றிய பதினான்காம் அதிகாரத்தில்தான் எனக்குக் கடுமையான மனக்குறை. காட்டுத்தீயில் வெந்து சாகும் மான்குட்டியை முன்வைத்து மெய்யியலாளர் வில்லியம் ரோ 1979-இல் எழுதிய வாதத்தையும், பால் டிரேப்பரின் வாதத்தையும் பிளான்டிங்கா பொறுமையாக எடுத்துப் பிரித்துப் பார்க்கிறார். வாதங்களாக அவை விசுவாசியை அசைக்கப் போதாதவை என்கிறார், அதை ஏற்கிறேன். துன்பத்தின் உண்மையான வலிமை வாதத்தில் இல்லை, கொடுமையை நேரில் காண்கிறவருக்கு ‘இப்படிப்பட்ட உலகில் கடவுள் இருக்க முடியாது’ என்று நேரடியாகத் தோன்றிவிடுவதில்தான் இருக்கிறது என்று அவரே கூர்மையாகக் காட்டுகிறார். அதுவும் ஒருவகை அடிப்படை நம்பிக்கைதானே? இவ்வளவு நேர்மையாக எதிராளிக்கு வழிவிட்டபின், தெய்வ உணர்வு பழுதின்றி இயங்குகிறவருக்கு அப்படித் தோன்றாது என்று விடை சொல்கிறார். தர்க்கத்தில் இதற்குக் குறை காண முடியாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும் தாயிடம், உன் மனத்திறன் பழுதுபட்டிருப்பதால் உனக்கு இப்படித் தோன்றுகிறது என்பதாக அது போய்ச் சேருகிறது. கிறிஸ்துவில் கடவுளே துன்பத்தை ஏற்றார் என்பதை அவர் சொல்லாமல் விடவில்லை. அந்த இடத்தில் இன்னும் பல பக்கங்கள் நின்றிருக்க வேண்டும். யோபுவின் முறையீட்டைக் கடவுள் பழுது என்று தள்ளவில்லை. நிதானமாகப் பேசிய நண்பர்களைத்தான் கடிந்துகொண்டார்.

இதனோடு சேர்ந்த இன்னொரு குறை, தடுமாறும் விசுவாசியைப் பற்றியது. உறுதியான, நிறைவான விசுவாசத்தையே மாதிரி பெரும்பாலும் விவரிக்கிறது. நம்பிக்கையின் உறுதி ஆளுக்கு ஆள் கூடிக் குறைவதை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் காலையில் நம்பி மாலையில் சந்தேகிக்கிறவரின் விசுவாசத்துக்கு எவ்வளவு அறிவுத்தகுதி என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது. ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கதறிய தகப்பனுக்கு இந்த மாதிரியில் எந்த இடம்? சபையைப் பற்றியும் நூலில் மிகக் குறைவு. ஆவியானவர் தனி மனிதரின் மனத்தில் செயல்படுவது விரிவாகப் பேசப்படுகிறது. அந்த மனிதர் பெரும்பாலும் இன்னொருவர் சொல்லக் கேட்டு, பலரோடு சேர்ந்து பாடி, பலருடைய வாழ்வைப் பார்த்துத்தான் விசுவாசத்துக்கு வந்திருப்பார் என்பது ஓரமாகவே இருந்துவிடுகிறது. பிறர் சாட்சியின் வழியே வரும் அறிவைப் பற்றி 1993-இல் ஓர் அதிகாரத்தில் விரிவாக எழுதியவர் என்பதால், இந்த விடுபாடு இன்னும் உறுத்துகிறது.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு கடினமான பொருளை இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர்கள் துறையில் அரிது. ஒவ்வொரு கூற்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது ஐயமின்றி விளங்கும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக இரண்டு அளவில் அச்சிட்டிருக்கிறார்கள். முக்கிய வாதம் பெரிய எழுத்தில் ஓடுகிறது, துறைசார் நுணுக்கங்கள் சிறிய எழுத்தில் இருக்கின்றன. முதல் வாசிப்பில் சிறிய எழுத்துப் பகுதிகளைத் தயக்கமின்றித் தாண்டலாம். மீண்டும் மீண்டும் சொல்வதும் உண்டு. வாதம் முடிந்தபின்னும் இன்னும் இரண்டு ஆட்சேபங்களைக் கற்பனைசெய்து பதில் சொல்வார்.

அவ்வளவு நீளத்துக்கு நேரம் இல்லாதவர்களுக்காக, துறைசார் பயிற்சி இல்லாத வாசகரை மனத்தில் வைத்து, இதே வாதத்தைச் சுருக்கி 2015-இல் ‘நாலெட்ஜ் அண்ட் கிறிஸ்டியன் பிலீஃப்’ என்ற சிறு நூலாக அவரே வெளியிட்டார். வேதபாட வகுப்பு நடத்துகிறவர்கள், கல்லூரி மாணவர்களோடு பேச வேண்டிய போதகர்கள், விசுவாசம் இல்லாமலேயே அதன் தர்க்கத்தை அறிய விரும்புகிறவர்கள் ஆகியோருக்கு அது போதும். மெய்யியலோ இறையியலோ முறையாகப் படிக்கிறவர்கள் பெரிய நூலையே எடுக்க வேண்டும். அதற்குள்ளும் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து தொடங்கி ஒன்பது வரை இடைவிடாமல் படித்துவிட்டு, அதன்பின் முன்பகுதிக்குத் திரும்புவதே நல்ல வழி. சுருக்கப் பதிப்பில் எட்வர்ட்ஸ் பற்றிய விவாதம் மெலிந்துவிட்டதால், அதற்காகவேனும் பெரிய நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை எல்லோரும் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.